சுமைதாங்கிமேல் ஏறிய சாமி

ஓய்வெடுப்பதைப்போல உடம்பை அசத்துகிற வேலை வேறொன்று இல்லை. நடந்து களைத்தவன் படுத்தால் தூங்கிவிடுவான். படுத்தே களைத்துப்போனவன் என்ன செய்வான்? இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. 1959ஆம் ஆண்டு தைப்பூசத்திற்குத் திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கு நடந்துபோனபோது தெரிந்துகொண்டேன். (“போனீங்களா?” என்று என் மனைவி இந்த இடத்தில் கேட்பாள். சரி, போகக் கிளம்பியபோது.)

அப்போது நான் நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவு எழுதுகிற குமாஸ்தா. ஊரில் யார் வீட்டில் எந்தத் தேதியில் என்ன குழந்தை பிறந்தது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். என் வீட்டில்தான் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. இரண்டாவது வருஷம் சரசு முழுகாமல் இருந்தாள். சந்தோஷத்தில் தெரு முழுக்கச் சொன்னோம். மூன்றாம் மாதம் கலைந்துபோயிற்று. அப்படிப் போனதை எழுத எங்கள் அலுவலகத்தில் பதிவேடு கிடையாது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் தொட்டில் என்ற பேச்சை எடுப்பதில்லை.

என் மாமியாருக்குக் குஜிலியம்பாறைப் பக்கம். வானம் பார்த்த பூமி. மழைக்குக் காத்திருந்து பழகிய மனுஷி, மகள் விஷயத்தில் மட்டும் காத்திருக்க மாட்டேன் என்று மார்கழிக் கடைசியில் பஸ் ஏறி வந்துவிட்டார்.

“மாப்ள, இந்தப் பூசத்துக்கு நீங்க நடந்து போயி முருகன்கிட்டக் கேட்டுப்புட்டு வாங்க. முடியக் குடுக்குறேன்னு நான் வேண்டிக்கிட்டேன்.”

“யார் முடியை, அத்தை?”

“உங்க முடியத்தேன். எம் முடிய வாங்கி முருகன் என்ன பண்ணப் போறாரு?”

செருப்புப் போடக் கூடாது, வழியில் எந்த வண்டியிலும் ஏறக் கூடாது, தரையில்தான் படுக்க வேண்டும், கிளம்பிய பிறகு சாமியைப் பார்க்காமல் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. சட்டதிட்டங்களை அவர் சொல்லச் சொல்ல, நான் லீவுக்கு என்ன காரணம் எழுதலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வயதில் என்னிடம் இரண்டு கெட்ட பழக்கங்கள் இருந்தன. கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பேன். படித்ததையெல்லாம் சொல்வேன். நடைக்குக் கிளம்புமுன் பாதத்தைப் பேணுவது எப்படி என்று வாசகசாலையில் உட்கார்ந்து படித்து, எங்கள் கூட்டத்துத் தலைவர் வேலுச்சாமிக்கு விளக்கினேன். அவர் பூட்டுப் பட்டறைக்காரர். வருஷா வருஷம் பழனிக்கு நடப்பவர். பாதம் இரண்டும் அவர் செய்கிற பூட்டைவிடக் கெட்டி. முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “சாமி, பேச்செல்லாம் பழனில போயி வச்சுக்குவோம். இப்ப மூச்ச மிச்சம் பிடிங்க.”

கிளம்புகிற காலையில் மாமியார் மஞ்சள் துணியில் காணிக்கையும் கற்பூரமும் வெல்லமும் வைத்து ஒரு மூட்டை கட்டித் தந்தார். மாலை போட்டுச் சூடம் காட்டினார்கள். சூடத்தின் வாடை பட்டதும் சரசு வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் ஓடினாள். “பிரிவு தாங்காமல் அழுகிறாள்” என்று வேலுச்சாமியிடம் சொன்னேன். கலங்கிய கண்ணோடு நான் சொன்னதை அவரும் நம்பினார். ஊருக்கே பிறப்புக் கணக்கு எழுதுகிறவனுக்கு அந்த ஓட்டத்தின் அர்த்தம் புரியவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் இன்னும் அசிங்கமாக இருக்கும்.

பழனி ரோட்டில் நடக்க ஆரம்பித்தோம். பிரியாணிக்கடையில் அந்நேரத்திலேயே வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார்கள். மாலை போட்டவன் வாயைக் கட்டலாம், மூக்கை என்ன செய்வது? வெயில் ஏற ஏற ரோட்டுச் சல்லி ஒவ்வொன்றும் தன்னைத் தனியாக அறிமுகம் செய்துகொண்டது. நான் மட்டும் பேச்சை நிறுத்தவில்லை. புளியமரம், மைல்கல், வாய்க்கால் மதகு என்று எதைப் பார்த்தாலும் என்னிடம் ஒரு தகவல் இருந்தது. கூட்டம் மெல்ல என்னைவிட்டு விலகி, ஒரு பகுதி முன்னாலும் ஒரு பகுதி பின்னாலும் நடந்தது. எனக்கு மரியாதையாக வழி விடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

உச்சி வெயிலில் ஒரு சுமைதாங்கிக் கல்லருகே நின்றோம். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக் கல்லைப் படுக்கப் போட்டிருந்தார்கள். நெஞ்சு உயரம். தலைச்சுமையோடு வருகிறவர் அடுத்த ஆள் உதவியில்லாமல் இறக்கி வைக்கலாம். எல்லோரும் மூட்டைகளை அதன்மேல் வைத்துவிட்டு நீர்மோர் குடித்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். சோளக் கொல்லைக்கு மேலே மலைக்கோட்டையின் உச்சி மட்டும் லேசாகத் தெரிந்தது. அந்தக் கோட்டையை யார் கட்டினார்கள், யார் பிடித்தார்கள், யார் விட்டுவிட்டு ஓடினார்கள் என்ற வரலாறு முழுவதும் எனக்குள் பால்போலப் பொங்கியது. நின்ற இடத்திலிருந்து கோட்டை சரியாகத் தெரியவில்லை. மூட்டைகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, பக்கத்து வரப்பில் கால் வைத்துக் கல்லின்மேல் ஏறப் பார்த்தேன்.

“சாமி, அதுல ஏறாதீக” என்றார் வேலுச்சாமி. “அது சுமைதாங்கி.”

“தெரியும்” என்றேன்.

உண்மையிலேயே தெரியும். வயிற்றுப் பிள்ளையோடு ஒரு பெண் செத்துப்போனால், அவள் இறக்கி வைக்காமல் போன சுமைக்காக, மற்றவர்கள் சுமையை இறக்கி வைக்க இப்படி ஒரு கல்லை நடுவார்கள். இதை நான் அங்கேயே கூட்டத்துக்கு விளக்கமாகச் சொன்னேன். எந்தெந்தச் சீமையில் இந்த வழக்கம் உண்டு என்றும் சொன்னேன். சொல்லிக்கொண்டே ஏறினேன். என் வாழ்க்கையில் நானே நம்ப முடியாத இடம் இதுதான்.

மேலே நின்று கையை நீட்டி, “அதோ பாருங்கள்” என்றேன். கோட்டையை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். காலையிலிருந்து வெயிலில் காய்ந்த கல். என் காலில் செருப்பு இல்லை. உள்ளங்காலில் சுட்டபோது வரலாறு மறந்துபோய் ஒரு துள்ளுத் துள்ளினேன். இறங்கிய இடத்தில் கல் இல்லை. நீட்டிய கையை மடக்காமலே விழுந்தேன். கோட்டையைக் காட்டிய விரல் வானத்தைக் காட்டிக்கொண்டிருக்க, கணுக்காலுக்குள் ஏதோ மளுக்கென்றது.

தூக்கிக்கொண்டு பக்கத்துத் தோட்டத்து வீட்டுக்குப் போனார்கள். தக்காளியும் செவ்வந்தியும் போட்டிருந்த சின்னத் தோட்டம். வீட்டுக்காரர் கருப்பணன், ஐம்பதை ஒட்டிய வயது. பேச்சுக்கும் அவருக்கும் அவ்வளவு பழக்கமில்லை. அவர் பங்கையும் சேர்த்து மனைவி ராமாயி பேசிவிடுவார்.

“என்ன ஆச்சு சாமிக்கு?” என்றார் ராமாயி.

“சுமைதாங்கில ஏறி விழுந்துட்டாரு” என்றார் வேலுச்சாமி. கொஞ்சம் சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கலாம்.

ராமாயி புருஷனைப் பார்த்தார். புருஷன் தரையைப் பார்த்தார்.

“அது எங்க நாத்தனாருக்கு வச்ச கல்லு, சாமி. பவுனுன்னு பேரு. இவுக கூடப்பொறந்தது.”

கணுக்காலுக்குப் பதில் வாயில் அடிபட்டிருக்கக் கூடாதா என்று அப்போதுதான் தோன்றியது. கருப்பணன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “கல்லுக்கு ஒண்ணும் ஆகலயே?” பதிலுக்குக் காத்திராமல் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒன்றும் ஆகவில்லை போலிருக்கிறது. கோரைப்பாயை எடுத்து, ரோட்டைப் பார்த்த வாசலில் எனக்கு விரித்தார்.

என்னை என்ன செய்வது என்று பேச்சு நடந்தது. பஸ்ஸில் ஏற்றித் திண்டுக்கல்லுக்கு அனுப்பலாம் என்றால் வண்டி ஏறக் கூடாது. ஏறினாலும் வீட்டுக்குள் போகக் கூடாது. தூக்கிக்கொண்டு பழனிக்குப் போக, என் எடைக்கு யாரும் தயாராக இல்லை. “வீக்கம் வத்துற மட்டும் இங்கனயே கெடங்க. வத்துனதும் நடந்து வந்துருங்க” என்று வேலுச்சாமி முடிவு சொன்னார். கூட்டம் என்னைவிட்டுக் கிளம்பிய வேகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது.

மூட்டையை மட்டும் வீட்டுக்குள் வைக்க ராமாயி சம்மதிக்கவில்லை. “எங்க வீட்ல கவுச்சி பொழங்குறது சாமி. காணிக்கை மூட்டையத் தரையிலயும் வைக்கக் கூடாது.” அதனால் அது சுமைதாங்கியின் மேலேயே இருந்தது. பனி விழாமல் கருப்பணன் பனையோலையால் மூடி வைத்தார். நான் படுத்த இடத்திலிருந்து பார்த்தால் நேரே தெரியும். பொழுது முழுக்க மூட்டை என்னைப் பார்த்தது, நான் மூட்டையைப் பார்த்தேன்.

ஓய்வு தொடங்கியது.

பழனிக்கு நடக்கிற கூட்டமெல்லாம் அந்த வழியாகத்தான் போக வேண்டும். ராமாயி வருகிறவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுப்பார். தண்ணீரோடு என்னையும் காட்டுவார். “இவுகதேன் கல்லு மேல ஏறுனவுக.” அவர் குரலில் துளி கோபம் கிடையாது. ஊரில் கோயில் இருக்கிறது, குளம் இருக்கிறது என்று சொல்கிற மாதிரி ஒரு தகவல். சிலர் உச்சுக் கொட்டினார்கள். சில பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்காகவா, என்னைப் பார்த்ததற்காகவா என்று கேட்கவில்லை. மதுரைக்காரர் ஒருவர் தன் தம்பியைக் கூப்பிட்டு, “ஏலே, நல்லாப் பாத்துக்க. அதிகமாப் படிச்சா இப்பிடித்தேன்” என்று சொல்லிவிட்டு என் காலைத் தொட்டுக் கும்பிட்டுப் போனார். மாலை போட்டிருக்கிறேனே, சாமி ஆயிற்றே. திட்டினாலும் கும்பிட்டுத்தான் திட்ட வேண்டும்.

வந்தவர்கள் எல்லோரிடமும் ஒரு வைத்தியம் இருந்தது. ஒருவர் புளியும் உப்பும் காய்ச்சிப் பற்றுப் போடச் சொன்னார். போட்டோம். அடுத்தவர் அதைக் கழுவச் சொன்னார். செங்கல்லைச் சுடவைத்து ஒத்தடம் கொடுத்தார்கள். பச்சைத் தண்ணீர்தான் நல்லது என்று இன்னொருவர் ஊற்றினார். கால் ஒன்றுதான், கருத்து ஆயிரம். ஒவ்வொருவர் சொல்லும்போதும் தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்தும் வலிக்க ஆரம்பித்தது.

செம்பட்டியிலிருந்து சுளுக்கு வழிக்கிறவர் வந்தார். காலைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். என் சத்தத்தில் மரத்திலிருந்த காக்காய்கள் கலைந்தன. பிறகு, உளுந்து மாவை முட்டை வெள்ளைக்கருவில் குழைத்துக் கட்ட வேண்டும் என்றார்.

“மாலை போட்டவருக்கு முட்டையா?” என்று ராமாயி பதறினார்.

“கால்லதான ஆத்தா தடவுறேன். காலு திங்காதுல்ல.”

“தோலு உறிஞ்சாது?”

எனக்காக அவர்கள் வாதாடியதில் அரைப்பொழுது போய்விட்டது. கடைசியில் வெறும் உளுந்து மாவைத் தண்ணீரில் குழைத்துக் கட்டினார்கள். சாமி தப்பித்தது. கால் தப்பிக்கவில்லை.

இதற்கு நடுவில் பஸ்கள். ரோட்டோரம் மாலையோடு ஒருவன் கிடப்பதைப் பார்த்தால் டிரைவருக்கு மனசு கேட்காது. பஸ் நிற்கும். கண்டக்டர் படியில் தொங்கியபடி, “சாமி, ஏறிக்கிறீகளா? எடம் இருக்கு” என்பார். நான் கையெடுத்துக் கும்பிட்டு மறுப்பேன். பஸ்ஸில் இருப்பவர்களும் கும்பிடுவார்கள். ஒருமுறை அதில் எங்கள் தலைமைக் குமாஸ்தா இருந்தார். என் லீவு விண்ணப்பத்தில் எழுதியிருந்த காரணம் தாத்தாவின் உடல்நலக் குறைவு. அவரும் கும்பிட்டார்.

பொழுது சாயும்போது கருப்பணன் ஓர் அகல்விளக்கை எடுத்துப்போய்ச் சுமைதாங்கியின் அடியில் ஏற்றி வைப்பார். செத்த நேரம் நிற்பார். ஒருநாள் திரும்பி வந்தபோது தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னேன்.

“அண்ணே, நான் ஏறியது தப்பு. மனசில் வச்சுக்காதீங்க.”

“சொமய எறக்கத்தான கல்லு” என்றார் அவர். “நீங்களும் ஒரு சொமதேன்.” கிண்டலா, ஆறுதலா என்று அந்த முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. அவர் என்னிடம் சேர்ந்தாற்போல் பேசியதில் அதுதான் மிக நீளமானது.

பூசம் வந்தது, போனது. அன்று ரோடு வெறிச்சோடிக் கிடந்தது. போக வேண்டியவர்களெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நான் ஊன்றிப் பார்த்தேன், கணுக்கால் பூசணிப்பிஞ்சு மாதிரி இருந்தது. மறுநாள் ஒரு பஸ் நின்று, அதிலிருந்து எங்கள் கூட்டம் இறங்கியது. (திரும்பும்போது பஸ் ஏறலாம்.) மொட்டைத் தலைகளில் சந்தனம் மினுமினுத்தது. நான் போக வேண்டிய இடத்துப் பஞ்சாமிர்தத்தை, நான் போகாமலே, படுத்தபடி வாங்கிச் சாப்பிட்டேன்.

“உங்களுக்கும் சேத்து அர்ச்சனை பண்ணியாச்சு சாமி” என்றார் வேலுச்சாமி. “ஐயரு பேரு கேட்டாரு. பதட்டத்துல மறந்துபோச்சு. பேசுற சாமின்னு சொன்னேன்.”

அவர்கள் திண்டுக்கல் போய்ச் சேர்ந்து என் வீட்டில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மாமியார் வந்து இறங்கினார்.

என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே சுமைதாங்கிக்குப் போய், அதன்முன் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வந்து என் பாய்க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“மாப்ள, கால் எப்பிடி இருக்கு?”

“தேவலை அத்தை.”

“சரசு முழுகாம இருக்கா.”

அந்தச் செய்தியைக் கேட்டதும் ஒரு மனிதன் என்னென்ன சொல்லலாம். அழலாம், சிரிக்கலாம், முருகா என்று கும்பிடலாம். நான் கேட்டது இதுதான்: “எத்தனாம் தேதியிலிருந்து?”

“அத உங்க ஆபீசுலதேன் கேக்கணும்” என்றார் மாமியார்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. மனைவி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் மலை ஏறக் கூடாது. முடி இறக்கக் கூடாது. இது எங்கள் பக்கத்தில் எல்லோரும் அறிந்தது. பிள்ளை வேண்டும் என்று கேட்கப் போனவன், பிள்ளை வந்துவிட்டதால் கேட்கப் போக முடியாது. கேட்காமல் திரும்பவும் முடியாது.

“ஏன் அவள் முன்னாடியே சொல்லவில்லை?”

“போன தடவ ஊரெல்லாம் சொன்னோம், தங்கல. இந்தத் தடவ வாயவே தொறக்காம இருந்தாத் தங்கும்னு இருந்திருக்கா. வேலுச்சாமி வந்து நீங்க கல்லு மேல ஏறுனதச் சொல்லவும் அழுதா பாருங்க ஒரு அழுகை. அப்பத்தேன் சொன்னா.” சுமைதாங்கிப் பக்கம் கை காட்டினார். “மாப்ள, அது என்ன கல்லுன்னு தெரிஞ்சா ஏறுனீக?”

“தெரிஞ்சுதான் அத்தை.”

“தெரியாம ஏறுனவன விட்டுருவாக. தெரிஞ்சு ஏறுனவனுக்கு நான் யாருகிட்டப் போயிச் சொல்லுவேன்?”

அவர் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான். வாழ்நாள் முழுக்கப் படித்த எதுவும் அப்போது என் வாய்க்கு வரவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சம்பவம் என்று புரியும்.

கதவருகில் நின்ற கருப்பணன் தொண்டையைச் செருமினார். “அக்கா, பவுனு யாருக்கும் கெடுதல் நெனைக்காது. யாரு தலையிலயாவது சொமயப் பாத்தா அதுக்குப் பொறுக்காது. அப்பிடி ஒரு மனசு.” அவ்வளவுதான். தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

என்ன செய்வது என்று நானும் மாமியாரும் ராமாயியும் பேசினோம். பிள்ளை பிறந்தபிறகு அடுத்த வருஷம் போகலாம் என்றேன். “பாதில நிக்கிற நடைய வச்சுக்கிட்டா புள்ளையப் பெறுறது?” என்றார் ராமாயி. அப்படியானால் அடிவாரம்வரை நடந்து, மலை ஏறாமல், முடி கொடுக்காமல், கீழே நின்று கும்பிட்டுவிட்டு வருகிறேன் என்றேன். அதுவும் ஓரளவு நியாயமாகப் பட்டது. கால் சரியாகிவிட்டது என்று காட்டுவதற்காக எழுந்து நாலெட்டு வைத்தேன். ஐந்தாவது எட்டில் ராமாயியின் கோழிக்கூடைமேல் உட்கார்ந்தேன். உள்ளே கோழிகள் இருந்தன.

மாமியார் எழுந்தார்.

“குனிங்க.”

குனிந்தேன். என் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார். காலிலிருந்த செருப்பைக் கழற்றி எனக்கு முன்னால் விட்டார். பிறகு சுமைதாங்கியை நோக்கி நடந்தார். ஓலையை எடுத்துவிட்டு, மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்தார். கிளம்புமுன் ஒரு கையைப் பலகைக் கல்லின்மேல் வைத்து ஏதோ சொன்னார். வாய் அசைந்தது தெரிந்தது. என்ன சொன்னார் என்று நான் பிறகும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

“இருங்க மதினி” என்று ராமாயி கூப்பிட்டார். “தனியாவா போவீக? மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு நானும் வாரேன்.” தோட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “கஞ்சி பானையில இருக்கு. சாமியப் பாத்துக்க.”

“மாலையக் கழட்டியாச்சுல்ல” என்றது தோட்டம்.

“அப்ப அவரு ஒன்னையப் பாத்துக்கட்டும்.”

பூசம் முடிந்து ஆளற்ற ரோட்டில் இரண்டு பெண்கள் மேற்கே நடந்து போனதை, கோழிக்கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் மாமியாருக்கும் வயது வித்தியாசம் கால் நூற்றாண்டு. அவர் செருப்பு என் முன்னால் கிடந்தது. உட்கார்ந்திருப்பதில் இவ்வளவு களைப்பு உண்டு என்று அன்றைக்குவரை எனக்குத் தெரியாது. கை கால் முதுகு எல்லாம் அசந்துபோயின. அந்த நாட்களில் நான் தூங்கியதாக நினைவில்லை.

இதில் கொடுமை, மறுநாளே வீக்கம் வற்றிவிட்டது. காலை ஊன்றினேன், வலிக்கவில்லை. தோட்டத்தை ஒரு சுற்று வந்தேன். இன்னொரு சுற்று வந்தேன். பார்ப்பதற்குத்தான் ஆளில்லை. தக்காளிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த கருப்பணன் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார்.

“இப்ப நல்லாத்தேன் நடக்குறீக” என்றார்.

அவர்கள் பஸ்ஸில் திரும்பி வந்தார்கள். முதலில் ராமாயி இறங்கினார். அடுத்து இறங்கியவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. யாரோ ஒரு மொட்டைத் தலைப் பெரியம்மா, நெற்றி முதல் பிடரிவரை சந்தனம் பூசி, என் மாமியாரின் சேலையைக் கட்டிக்கொண்டு இறங்குகிறாரே என்று பார்த்தேன்.

“அத்தை” என்றேன்.

“முடி தாரேன்னு சொல்லிருந்தோம்ல. குடுக்கணும்ல. உங்க முடி ஆகாது” என்றார் அவர். “நான் என்ன, முழுகாமயா இருக்கேன்?”

அன்று பஸ்ஸில் ஏறித் திண்டுக்கல் போனோம். அதே கண்டக்டர். “அப்பாடா, சாமி ஏறிருச்சு” என்றார். பிறகு மாமியாரைப் பார்த்துவிட்டு என்னை எழச் சொல்லி அவருக்கு இடம் கொடுத்தார். கடைசிவரை நின்றுகொண்டே போனேன். அந்தத் தை மாதத்தில் என் உடம்புக்குச் சுகமாக இருந்தது அந்தப் பயணம் ஒன்றுதான்.

குஜிலியம்பாறையிலிருந்து வந்திருந்த மாமனார் வாசலிலேயே மனைவியைப் பார்த்துவிட்டார். சாதுவான மனிதர். வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, “ஏத்தா, நான் இன்னும் உசுரோடதான இருக்கேன்?” என்று மட்டும் கேட்டார். சரசு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அம்மாவின் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

பிள்ளை பிறக்கிறவரை புருஷன் சவரம் செய்துகொள்ளக் கூடாது என்பதும் எங்கள் வழக்கம். ஆகவே அந்த வருஷம் எங்கள் தெருவில் காடுபோலத் தாடி வளர்த்த ஒரு மருமகனும், சுத்தமாக மொட்டையடித்த ஒரு மாமியாரும் ஒரே வீட்டிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தோம். மூன்றாம் மாதம் நாங்கள் யாரும் சத்தமாகப் பேசவில்லை. நான்காம் மாதம் கொஞ்சம் பேசினோம். புரட்டாசியில் மகள் பிறந்தாள். அதை நானேதான் பதிவு செய்தேன். என் கையெழுத்தில் அடித்தல் திருத்தல் உள்ள பதிவு அது ஒன்றுதான். தேதியைத் தப்பாக எழுதிவிட்டேன்.

மாமியாருக்கு முடி திரும்ப வளர்ந்தது, வெள்ளையாக, சுருட்டை சுருட்டையாக. அதற்குப் பிறகு வீட்டில் ஏதாவது வேலை இருக்கிற சமயம் பார்த்து நான், “செத்த நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்” என்று சொன்னால், அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். நெற்றியிலிருந்து பிடரிவரை தன் தலையை ஒரு தடவை தடவிக்கொள்வார். நான் எழுந்துவிடுவேன்.

அவர் போய் வருஷங்கள் ஆகின்றன. தடவல் போகவில்லை. சரசு தடவுகிறாள். மகள் தடவுகிறாள். எங்கள் குடும்பத்தில் ஒருவர் வேலையை இன்னொருவர் செய்ய நேர்ந்தால் வாயைத் திறக்க வேண்டியதில்லை, கை தலைக்குப் போனால் போதும். போன மாதம் காஸ் சிலிண்டர் வந்தது. இடுப்பு வலிக்கிறது என்று நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மருமகன் அதைத் தூக்கிக்கொண்டுபோய் அடுப்படியில் வைத்துவிட்டு வந்தார். ரொம்ப மரியாதையான பிள்ளை, என் முன்னால் கால்மேல் கால் போட்டதில்லை. கையைத் துடைத்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தபடி, மெல்ல, நெற்றியிலிருந்து பிடரிவரை தடவிக்கொண்டார்.

வீடே சிரித்தது. நானும் என் தலையைத் தடவிக் காட்டினேன். அங்கேயும் இப்போது ஒன்றும் இல்லைதான். ஆனால் அது தானாகக் கொட்டியது, பழனிக் கணக்கில் சேராது என்கிறாள் சரசு.